61,000 கிலோமீட்டர் ஓடிய காரை விட்டு 1,58,000 ஓடியதை வாங்கியது ஏன்: ஒரு பழைய டீசல் குடும்பக் காரின் நிகழ்வு ஆய்வு

ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஒரே 2 லிட்டர் டீசல் எஞ்சின், 6 கியர் மேனுவல், ஏழு இருக்கை. இரண்டு கார்களுக்கும் வயது எட்டு. ஒன்றின் ஓடோமீட்டரில் 61,000 கிலோமீட்டர், இன்னொன்றில் 1,58,000. முதல் காருக்கு ஒரே உரிமையாளர். பெயின்ட் பளபளவென்று இருந்தது, சீட்டில் ஒரு கீறல் இல்லை. இரண்டாவதின் முன் பம்பர் முழுக்கக் கல் தெறித்த புள்ளிகள், டிரைவர் சீட்டின் ஓரம் தேய்ந்திருந்தது. விலையும் முதல் காருக்குத்தான் அதிகம். என்னைக் கூட்டிப்போன நண்பர் முதல் காருக்கு முன்பணம் கொடுக்கும் முடிவோடுதான் வந்தார். கடைசியில் வாங்கியது இரண்டாவதை.

அந்த முடிவு எப்படி வந்தது என்பதை விவரமாக எழுதுகிறேன். "கம்மியா ஓடின வண்டியா பாத்து வாங்கு" என்ற அறிவுரை பெட்ரோல் காருக்கு ஓரளவு பொருந்தும். இன்றைய டீசல் காரில் அதை மட்டும் நம்பி வாங்கிய குடும்பங்கள் முதல் வருடத்திலேயே பெரிய செலவில் மாட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் குடும்பம், பிறகு கார்

வீட்டில் ஆறு பேர். நண்பர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான பெற்றோர். நண்பருக்கு வேலை ஊருக்கு வெளியே. போக 45, வர 45 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி நெடுஞ்சாலை. வார இறுதியில் குடும்பத்தோடு வெளியூர். இந்த ஓட்டத்துக்கு டீசல் சரி.

காரை எப்படி ஓட்டப்போகிறோம் என்ற இந்தக் கேள்வியை யாருமே முதலில் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். பிள்ளையைப் பள்ளியில் விட 3 கிலோமீட்டர், கடைக்கு 2 கிலோமீட்டர், மாதம் ஒருமுறை கோயில் குளம் என்று ஓடும் குடும்பத்துக்கு எவ்வளவு நல்ல டீசல் காரைத் தேடிக் கொடுத்தாலும் இரண்டு வருடத்தில் அது கெட்ட டீசல் காராகிவிடும். அந்தக் குடும்பம் பெட்ரோலோ ஹைப்ரிடோ பார்ப்பதுதான் நல்லது.

காரணம், புகைக்குழாயில் இருக்கும் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி. 2000இல் பெஜோ 607 இதைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்தது. 2009 செப்டம்பரில் புதிய மாடல்களுக்கு ஐரோப்பாவின் யூரோ 5 புகைத் தரம் அமலானபின், வடிகட்டி இல்லாமல் ஒரு டீசல் காரைக் கட்டுவது நடைமுறையில் முடியாமல் போனது. எஞ்சின் கக்கும் கரியை அது பிடித்து வைக்கும். நிறைந்ததும் அந்தக் கரியை எரித்துத் தீர்க்க வேண்டும். இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள். அதற்கு வடிகட்டிக்குள் ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். எஞ்சின் கம்ப்யூட்டர் கூடுதலாக டீசலைத் தெளித்து அந்தச் சூட்டைக் கொண்டுவரும். எரிந்து முடியப் பத்திலிருந்து இருபது நிமிடம் தடையில்லாத ஓட்டம் தேவை. பாதியில் எஞ்சினை அணைத்தால் கரி அப்படியே கிடக்கும், அடுத்த முறை மறுபடி முயற்சிக்கும், மறுபடி அறுபடும். முதல் கார் ஓடியது முழுக்க இந்த மாதிரிப் பயணங்கள்தான்.

சூடான பானெட்

முதல் காரைப் பார்க்கப் போனபோது நான் செய்த முதல் வேலை, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தது. சூடாக இருந்தது. விற்பவர் ஓய்வுபெற்ற பெரியவர், மரியாதையானவர். "நீங்க வர்றீங்கன்னு இப்பதான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன் தம்பி" என்றார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்று எஞ்சினைப் பார்க்கவில்லை. மறுநாள் காலை வருகிறோம், அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, மற்றதை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம். டீசல் எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்க்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் தேய்ந்திருப்பது, குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் செத்திருப்பது, குறைந்த கம்ப்ரெஷன் எல்லாமே சூடான எஞ்சினில் ஒளிந்துகொள்ளும்.

மறுநாள் பானெட் குளிர்ந்திருந்தது. சாவியைத் திருப்பினால் குளோ பிளக் விளக்கு எரிந்து அணைந்தது. ஸ்டார்ட் ஆக வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் எடுத்தது. லேசான வெள்ளைப் புகை, எரியாத டீசல் வாசனையோடு, அரை நிமிடத்துக்கு மேல் நின்றது. குளிர் காலையில் ஒரு கணம் வந்து மறைந்தால் கவலை இல்லை; நின்று நிதானமாக வந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். கறுப்புப் புகை இல்லையே என்று நண்பர் மகிழ்ந்தார். வடிகட்டி வந்தபின் அது ஒரு சான்றே இல்லை. எஞ்சின் எவ்வளவு கரி கக்கினாலும் வடிகட்டி பிடித்துக்கொள்ளும், வெளியே தெரியாது.

இங்கே இன்னொரு சோதனை உண்டு, கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புகைக்குழாயின் உள்பக்கம் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி நல்லபடி வேலை செய்யும் காரில் விரலில் லேசான சாம்பல் நிறத் தூசிதான் ஒட்டும். மை மாதிரிக் கறுப்பாக வந்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது, இல்லையென்றால் யாரோ உள்ளே இருப்பதைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். நண்பர் அதற்கு முன் பார்த்திருந்த இன்னொரு காரை இந்த ஒரு சோதனையிலேயே விட்டுவிட்டோம். விரல் கறுத்தது, அடியில் எட்டிப் பார்த்தால் வடிகட்டிக் கூட்டின் மேல் கையால் வைத்த வெல்டிங் கோடு தெரிந்தது. வடிகட்டியை எடுப்பது பல நாடுகளில் சட்டவிரோதம், புகைச் சோதனையில் தேறாது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அந்தக் கரி முழுவதும் பின்னால் வரும் பிள்ளைகளின் நுரையீரலுக்குப் போகிறது என்பது.

ஆயில் கேஜும் ஒரு டிஷ்யூ பேப்பரும்

முதல் காரின் கதை உண்மையில் இங்கேதான் திறந்தது. எஞ்சின் குளிர்ந்து, கார் சமதளத்தில் நிற்கும்போது ஆயில் கேஜை உருவினேன். மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் அதிகமாக ஆயில் இருந்தது. ஆயில் குறைந்தால் எல்லோரும் பயப்படுவார்கள். கூடியிருந்தால் "நல்லா ஊத்தி வெச்சிருக்காங்க" என்று நினைத்துவிடுவார்கள். டீசல் காரில் கூடியிருப்பதுதான் எனக்குப் பயம்.

ரீஜெனரேஷனுக்காகத் தெளிக்கப்படும் டீசல், எரிப்பு முடிந்தபின் தாமதமாக சிலிண்டருக்குள் வருகிறது. அதில் ஒரு பகுதி சுவரில் படிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில் தொட்டிக்குள் இறங்கிவிடும். ரீஜெனரேஷன் முழுதாக முடிந்து நீண்ட தூரம் ஓடினால் அந்த டீசல் ஓரளவு ஆவியாகிவிடும். திரும்பத் திரும்ப அறுபட்டால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஆயிலின் அளவே ஏறும்.

கேஜின் நுனியை முகர்ந்தேன், டீசல் வாடை. ஒரு துளியை டிஷ்யூ பேப்பரில் விட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்த்தோம். திரும்பி வந்தபோது நடுவில் கறுப்பு வட்டம், அதைச் சுற்றிப் பழுப்பு, அதற்கும் வெளியே எண்ணெய் ஊறியது போலத் தாள் ஒளி ஊடுருவும்படி அகலமான வளையம். அந்த வெளி வளையம் எரிபொருள். இரண்டாவது காரின் துளியும் கறுப்புதான், ஆனால் வெளி வளையம் மெல்லியதாக இருந்தது. டீசல் எஞ்சினில் ஆயில் மாற்றிக் கொஞ்சம் ஓடியதுமே கறுத்துவிடும். கறுப்பைப் பார்த்துக் காரை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது அளவு, வாடை, நீர்த்துப் போயிருக்கிறதா என்பது.

நீர்த்த ஆயில் என்ன செய்யும்? எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் தண்டு முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும், மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி. அந்தப் படலம் பலவீனமானால் பேரிங் தேயும். சில எஞ்சின்களில் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட்டே ஆயிலுக்குள் ஓடுகிறது. டீசல் கலந்த ஆயில் அந்த பெல்ட்டை ஊறவைத்து உதிர்த்துவிடும்.

ஸ்கேனரில் தெரிந்தது

அடுத்து ஸ்கேனர். காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகி மொபைலில் பார்க்கும் சின்னக் கருவி போதும், ஆனால் அந்தக் கம்பெனிக் காரின் உள்விவரங்களைப் படிக்கும் ஆப் வேண்டும். பொதுவான ஆப் வடிகட்டியின் நிலவரத்தை முழுதாகக் காட்டாது.

முதல் காரில் பழுதுக் குறியீடு ஒன்றுகூட இல்லை. நண்பர் முகம் மலர்ந்தது. அடுத்த வரியைக் காட்டினேன்: குறியீடுகள் அழிக்கப்பட்டபின் ஓடிய தூரம் 14 கிலோமீட்டர். சுயபரிசோதனைகளில் பலவும் "முடியவில்லை" என்றே நின்றன. அதாவது இரண்டொரு நாளுக்குள் யாரோ நினைவகத்தைத் துடைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு விவரத்தையும் எந்தச் சாதாரண ஆப்பும் காட்டும். பழுது இல்லை என்ற வரியைவிட இவற்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பெரியவரிடம் நேராகக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "ஒரு மஞ்சள் லைட் அப்பப்ப வரும். மெக்கானிக் தம்பி மெஷினைப் போட்டு எடுத்துடுவார்" என்றார். அந்த விளக்கு வடிகட்டிக்கான விளக்கு. அவருக்கு அது என்னவென்று யாருமே விளக்கிச் சொல்லவில்லை.

வடிகட்டியின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம், கார் நின்று சூடான எஞ்சின் மட்டும் ஓடும் ஐட்லிங்கில் 28 மில்லிபார். இரண்டாவது காரில் அதே நிலையில் 6. அடைப்பு இல்லாத வடிகட்டியில் ஐட்லிங்கில் இந்த எண் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில் நிற்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஏறி விட்டதும் இறங்கும். முதல் காரில் கடைசியாக முழுமையாக முடிந்த ரீஜெனரேஷனுக்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் ஆகியிருந்தது. சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை முடிந்திருக்க வேண்டியது அது.

அப்புறம் நான் எப்போதும் தேடும் ஓர் எண், எஞ்சின் ஓடிய மொத்த மணி நேரம். எல்லாக் கார்களிலும் கிடைக்காது. இந்த மாடலில் கிடைத்தது. முதல் கார் 2,900 மணி. இரண்டாவது கார் 2,700 மணி.

நண்பர் அதை இரண்டு முறை படித்தார். 61,000 கிலோமீட்டர் ஓடிய எஞ்சின், 1,58,000 ஓடியதைவிட அதிக நேரம் உழைத்திருக்கிறது. வகுத்துப் பார்த்தால் முதல் காரின் வாழ்நாள் சராசரி வேகம் மணிக்கு 21 கிலோமீட்டர், இரண்டாவதின் சராசரி 58.5. முதல் காரின் அந்த 2,900 மணியும் சிக்னலில் நின்றும், குளிர்ந்த எஞ்சினோடு தெரு முனைவரை போய்த் திரும்பியும் கழிந்தவை. ஓடோமீட்டரில் யாரும் கை வைக்கவில்லை. அதில் இருந்த எண் உண்மை. ஆனால் டீசல் எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லும் எண் அது இல்லை.

ஸ்கேனர் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. டேஷ்போர்டில் டிரிப் விவரங்களைப் புரட்டினால் நீண்டகாலச் சராசரி வேகம் என்று ஒன்று வரும். யாரும் அதை அடிக்கடி பூஜ்யமாக்குவதில்லை. அது இருபதுக்குப் பக்கத்தில் இருந்தால் கிலோமீட்டர் குறைவு என்று சந்தோஷப்படாமல் வடிகட்டியையும் ஆயிலையும் நன்றாகச் சோதியுங்கள்.

டெஸ்ட் டிரைவில் முதல் கார் தெருவில் அருமையாகப் போனது. நெடுஞ்சாலையில் ஏறி நான்காவது கியரில் மேட்டில் முழுக்க மிதித்தபோது பாதி வழியில் இழுவை சட்டென்று படுத்துவிட்டது. எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ள, சக்தியைக் குறைக்கும் லிம்ப் மோடுக்குப் போய்விட்டது. மெதுவாகவே ஓடிய டீசலில் டர்போவின் இதழ்களில் கரி படிந்து அவை சிக்கிக்கொள்வது அடிக்கடி நடப்பது. புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வும், காற்று உள்ளே போகும் இன்டேக் குழாயும் அதே கரியால் குறுகிப்போகும். நிறுத்தி எஞ்சினை அணைத்ததும் ரேடியேட்டர் விசிறி உச்ச வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது, அடியிலிருந்து சூடான இரும்பு வாடை. ஒரு ரீஜெனரேஷனை நாமே பாதியில் அறுத்திருக்கிறோம். டீசல் கார் வாங்கப் போகிறவர்கள் இந்த அறிகுறியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை வந்தால் தற்செயல், இரண்டு டிரைவிலும் வந்தால் வடிகட்டி திணறுகிறது.

டைமிங் பெல்ட் மாற்றவில்லை. "61,000தானே ஆச்சு" என்றார் பெரியவர். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் இல்லை, வயதுக் கணக்கும் உண்டு. எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. டீசல் எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும்.

பெரியவரிடம் பார்த்ததை எல்லாம் சொன்னேன். ஆயில் உடனே மாற்றுங்கள், விளக்கை அழிக்க விடாதீர்கள், வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுங்கள், பெல்ட் மாற்றுங்கள் என்று எழுதியும் கொடுத்தேன். அவர் மனைவி, "நாங்க வண்டியைப் பூ மாதிரி வெச்சிருந்தோமே" என்றார். உண்மைதான், அந்தக் காரை அவர்கள் அவ்வளவு அன்பாகத்தான் வைத்திருந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு டீசலை விற்றபோது யாராவது ஒருவர் அவர்கள் எப்படி ஓட்டுவார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது கார், குறைகளோடு

இரண்டாவது கார் குறையில்லாதது என்று சொல்ல மாட்டேன். கிலோமீட்டர் அதிகம் என்பதால் தேய்மானம் எங்கே இருக்கும் என்று தெரியும், அங்கே தேடினோம்.

முதலில் அந்த 1,58,000 நம்பத்தக்கதா என்று பார்த்தோம். பில் கட்டு ஒன்று இருந்தது, ஒவ்வொன்றிலும் தேதியும் கிலோமீட்டரும் சீராக ஏறிக்கொண்டே போயின. டயரின் பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். அதுவும் பில்லும் ஒத்துப்போயின. பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங் தோல், சீட் ஓரம் மூன்றின் தேய்மானமும் அந்த எண்ணுக்குப் பொருத்தமாகவே இருந்தது. எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிவான தூரமும் டேஷ்போர்டும் ஒன்றே. சேஸிஸ் எண் 17 எழுத்தும் பதிவுச் சான்றோடு ஒத்திருந்தது. அந்த எண்ணை வைத்துத் தயாரிப்பாளர் திரும்ப அழைத்த பழுதுகள் ஏதும் பாக்கி உண்டா என்றும் பார்த்துவிட்டோம். டீசலில் இது வெறும் சடங்கு இல்லை. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை வைத்த ஃபோக்ஸ்வாகன் மோசடி 2015 செப்டம்பரில் வெளியானபின் உலகம் முழுக்கச் சுமார் 1.1 கோடிக் கார்கள் அதில் சம்பந்தப்பட்டவை என்று அந்த நிறுவனமே ஒத்துக்கொண்டது. அவற்றில் பெரும் பகுதிக்கு எஞ்சின் மென்பொருளை மாற்ற வேண்டியிருந்தது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இப்படிப்பட்ட வேலை நடந்ததா, நடந்தபின் கார் எப்படி ஓடுகிறது என்று விசாரிப்பது நல்லது.

பில்களில் எனக்குப் பிடித்த விஷயம் ஆயிலின் தரம். டிபிஎஃப் உள்ள காருக்குச் சாம்பல் குறைவான ஆயில், அதாவது ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கமான ஏசிஈஏ வகுத்த சி வகை ஆயில் ஊற்ற வேண்டும். கரியை எரிக்கலாம், ஆயிலில் உள்ள உலோகச் சேர்மானங்கள் விட்டுச்செல்லும் சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டிக்குள் நிரந்தரமாகச் சேரும். ஒவ்வொரு பில்லிலும் சரியான ஆயில் எழுதியிருந்தது. டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் 1,22,000இல் சேர்ந்தே மாற்றப்பட்டிருந்தன.

குளிர்ந்த ஸ்டார்ட் சுத்தம். ஆனால் ஐட்லிங்கில் ஒரு மெல்லிய அதிர்வு. ஸ்கேனரில் இன்ஜெக்டர் திருத்த அளவுகளைப் பார்த்தோம். எல்லா சிலிண்டரும் சமமாக இழுக்க வேண்டும் என்பதற்காகக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக் கொடுக்கும். மூன்று இன்ஜெக்டரில் திருத்தம் ஒரு மில்லிகிராமுக்குள் இருந்தது. மூன்றாவது சிலிண்டரில் மட்டும் 2.4 மில்லிகிராம் கூடுதல்.

இந்த இடத்தில் ஒரு பட்டறைக்குக் காரைக் கொண்டுபோய் ரிட்டர்ன் சோதனை செய்யச் சொன்னோம். விற்பவர் தயங்காமல் சம்மதித்தார். தயங்கியிருந்தால் அங்கேயே திரும்பியிருப்போம். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பிவரும் டீசலைத் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் பிடிப்பார்கள். எஞ்சின் ஓட ஓட நான்கு குழாயிலும் மட்டம் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூன்று குழாய்கள் ஏறத்தாழ ஒரே கோட்டில் ஏற, மூன்றாவது சிலிண்டரின் குழாய் மட்டும் அவற்றைவிட அரைப் பங்கு அதிகம் போனது. அந்த இன்ஜெக்டருக்குள் கசிவு இருக்கிறது. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் இன்றைய காமன் ரயில் அமைப்புகளில் அழுத்தம் 2,000 பாரை எட்டும். மயிரிழைத் தேய்மானமும் அங்கே கசிவாகும். உடனே செத்துவிடாது, ஆனால் மாற்றியாக வேண்டும். டீசல் ஃபில்டர் கிண்ணத்தையும் திறக்கச் சொன்னேன். அடியில் உலோகப் பளபளப்பு இருந்தால் உயர் அழுத்த பம்ப் தன்னைத்தானே அரைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள், அந்தத் தூள் ரயில், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் கெடுத்திருக்கும். அப்படி ஒரு துகள் கண்ணில் பட்டிருந்தாலும் இந்தக் காரையும் விட்டிருப்பேன். கிண்ணம் சுத்தம்.

டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றினால் உள்ளே மெல்லிய ஆயில் பூச்சு. அது எஞ்சினின் மூச்சுக்குழாய் வழி வருவது, எல்லா டீசலிலும் இருக்கும். கொட்டும் அளவுக்குத் தேங்கியிருந்தால்தான் டர்போவைச் சந்தேகிக்க வேண்டும்.

எஞ்சினை அணைக்கும்போது கியர்பெட்டிப் பக்கம் "கட கட" என்று இரண்டு தட்டு. கிளட்சை மிதித்தால் சத்தம் மாறியது. இரட்டை ஃப்ளைவீல் தளர்ந்திருக்கிறது. டீசலின் முரட்டு அதிர்வைக் கியர்பெட்டிக்குப் போகாமல் விழுங்கிக்கொள்வது அதன் வேலை. ஐந்தாவது கியரில் குறைந்த சுற்றிலிருந்து முழுக்க மிதித்தபோது கிளட்ச் வழுக்கவில்லை. ஆனால் கியர்பெட்டியை இறக்கி ஃப்ளைவீலை மாற்றும்போது கிளட்சையும் சேர்த்தே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். இது பெரிய வேலை. பேரம் பேச இதைத்தான் முதலில் எழுதிக்கொண்டோம்.

புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கத் தெளிக்கும் ஆட்புளூ பக்கம் தொந்தரவு எதுவும் தெரியவில்லை. 32.5 சதவீதம் யூரியா கலந்த அந்தத் திரவம் கசிந்தால் காய்ந்து வெள்ளை உப்பாகப் படியும். தெளிப்பானைச் சுற்றிப் படிவு இல்லை. அந்த அமைப்பு கெட்டால் பல கார்கள் "இன்னும் இத்தனை கிலோமீட்டர்தான், அதற்குப்பின் ஸ்டார்ட் ஆகாது" என்று எண்ண ஆரம்பித்துவிடும், அதனால் டேஷ்போர்டில் அப்படி எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

குடும்பம் முழுவதும் ஏறிப் பார்த்தது

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போவது குடும்பக் காருக்குப் போதாது. ஏழு பேர் ஏறினால் பின் சஸ்பென்ஷனும் பிரேக்கும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். நண்பரின் குடும்பமே வந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்த அவர் மகள்தான் சொன்னாள்: "அப்பா, பள்ளத்துல இறங்குறப்ப என் காலுக்குக் கீழ டொக்குனு கேக்குது." முன் சீட்டில் எங்களுக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. இடது பின் சக்கரப் பக்கம் சஸ்பென்ஷனின் ஒரு ரப்பர் புஷ் போயிருந்தது. நண்பரின் அம்மா ஏறி இறங்கும்போது படியின் உயரம் சரிப்படுமா என்பதையும் அப்போதே பார்த்தாயிற்று.

மூன்றாவது வரிசை பெல்ட்களை முழுக்க இழுத்துப் பார்த்தோம். பலர் அவற்றைத் தொடுவதே இல்லை, உள்ளே சிக்கிக் கிடக்கும். குழந்தை சீட் மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் வளையாமல் இருந்தன. பின்பக்க ஏசி குளிர்ந்தது. ஸ்டெப்னி குழியில் ஈரமோ துருவோ இல்லை. சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைந்தது. எரியவே இல்லை என்றால் யாரோ அந்த விளக்கைச் செயலிழக்கச் செய்திருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் ஏறும் காரில் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

முடிவும் அதன் பிறகும்

நண்பர் ஒரு தாளில் மூன்று வேலையை எழுதி விற்பவரிடம் கொடுத்தார்: ஒரு இன்ஜெக்டர், ஃப்ளைவீலும் கிளட்சும், பின் புஷ். பக்கத்தில் பட்டறை கொடுத்த மதிப்பீடு. சத்தம் போட்டுப் பேரம் பேசவில்லை. ஃப்ளைவீல் செலவை முழுதாகவும் இன்ஜெக்டரில் பாதியையும் விலையில் கழித்துக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டார். எல்லாம் சேர்ந்தும் முதல் காருக்குக் கேட்ட விலையைத் தொடவில்லை.

வாங்கிய மாதத்திலேயே இன்ஜெக்டரை மாற்றி, அதன் குறியீட்டைக் கம்ப்யூட்டரில் பதிய வைத்தார்கள். இந்தப் பதிவைச் செய்யாமல் விடும் பட்டறைகள் உண்டு. அப்படி விட்டால் புது இன்ஜெக்டரும் தப்பான அளவில்தான் தெளிக்கும். ஐட்லிங் அதிர்வு போய்விட்டது. ஃப்ளைவீலைச் சில மாதம் கழித்து, கிளட்ச் சேர்த்து மாற்றினார்.

இப்போது ரீஜெனரேஷன் நானூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஒருமுறை வந்து, நெடுஞ்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. ஆயில் மட்டம் ஏறவில்லை. வடிகட்டிக்குள் சாம்பல் மட்டும் கூடிக்கொண்டுதான் போகும்; ஐட்லிங் அழுத்த வித்தியாசம் 6இலிருந்து 8 ஆகியிருக்கிறது. இரண்டு லட்சத்தைத் தொடும்போது வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுக்க வேண்டும் என்று நண்பர் அதற்கான பணத்தை இப்போதே ஒதுக்கி வைத்துவருகிறார். இடது பின் சக்கரச் சத்தத்துக்குப் புஷ் மாற்றியும் மூன்றாவது வரிசையில் இன்னும் லேசாகக் கேட்கிறதாம். ஷாக் அப்சார்பரின் மேல் மவுன்ட்டாக இருக்கலாம், அடுத்த சர்வீஸில் அதைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.